மூடி மேலே கங்கு

“ஞாயித்துக்கிழமை வாரேன். ஒரு சேதி சொல்லணும். சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிருவேன். காப்பித்தண்ணிகூட வைக்க வேண்டாம்னு மதினிகிட்டச் சொல்லிரு.”

சாத்தூரிலிருந்து மூக்கம்மாள் அத்தை போனில் இப்படிச் சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்தாளே, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. வேல்விழி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. அச்சாபீஸில் முருகன் காலண்டரில் மயிலை இடமாற்றி ஒட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. வேல்விழிக்கு அத்தை மகன் கதிரவன்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்தது. பேச்சை அவர்கள் இரண்டு பேரும் ரொம்ப நிஜமாக எடுத்துக்கொண்டார்கள். கதிரவன் மதுரையில் கேட்டரிங் படித்து, கோவாவில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல் வேலைக்குப் போனான். ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தக்காரர்கள் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, வேல்விழியின் அப்பா சங்கிலிமுத்து வாயை விட்டார்.

“கரண்டி புடிக்கிற பயலுக்கு எம்மகளைத் தர மாட்டேன். பட்டாசு ஆபீஸ்ல போர்மேன் ஆகட்டும், அப்புறம் பாப்போம்.”

அத்தை பாதி இலையில் எழுந்தாள். “எம்புள்ள சமையலை எளக்காரமாப் பேசுன அண்ணன் வீட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன்!”

கை நனைக்காத வீட்டில் பெண் எடுப்பது எங்கள் பக்கம் கிடையாது. சண்டை போட்டுக்கொள்ளலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சாப்பிடாமல் போனால் ஒன்றுமே நடக்காது.

ஆக, வேல்விழிக்கு இன்றைக்கு ஒரே வேலை. அத்தையின் வலது கையை எப்படியாவது ஒரு தட்டில் வைக்க வேண்டும்.

---

தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு. சீசன் முடிந்து, ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசு ஆலைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. போனஸ் வாங்கிய எங்கள் நாரணாபுரமே கறிக்கடை முன்னால்தான் நின்றது.

“அரைக் கிலோவா, முக்காலா?” என்றார் கடைக்காரர் காசிராஜன், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

“பின்னந்தொடை ஒண்ணு முழுசாக் குடுங்க அண்ணாச்சி.”

“சரி. சின்னத் துண்டாப் போடவா?”

“துண்டே போட வேண்டாம். அப்படியே குடுங்க.”

காசிராஜனின் கத்தி நின்றது. வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கோயில்ல எதுவும் வேண்டுதலா தாயி?”

“வேண்டுதல்தான் அண்ணாச்சி,” என்றாள் வேல்விழி. பொய் இல்லை.

வீட்டில் அம்மா சண்முகத்தாய் அந்தத் தொடையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“இதை எப்படிட்டி வேக வைக்க? குக்கர்ல பாதிகூட நுழையாதே!”

“குக்கர் வேண்டாம்மா. ஒரே சட்டி. அடியில உருளைக்கெளங்கு, அது மேல கறி. மச்சான் ஓட்டல்ல ஞாயித்துக்கிழமை இதான் செய்வாகளாம். அவுக போன்ல சொல்லிக் குடுத்தாக.”

கதிரவனின் சமையலைத்தானே அப்பா கேலி செய்தார்? அந்தச் சமையலையே அப்பா வீட்டு அடுப்பில் ஏற்றி அத்தைக்கு வைப்பது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அப்பாவுக்குப் பிறவியிலேயே இல்லை. அவருக்குப் பதிலாகச் சட்டி கேட்டுவிடட்டும் என்பதுதான் வேல்விழியின் கணக்கு.

கறியில் கத்தி முனையால் குத்திக் குத்தி ஓட்டை போட்டாள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பூண்டுப் பல். கல்லுப்பு, ஒன்றிரண்டாக இடித்த மிளகு, எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய். எல்லாவற்றையும் சேர்த்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல் அழுத்தித் தேய்த்தாள். உருளைக்கிழங்கைத் தோலோடு பாதியாக வெட்டி, உரித்த சின்ன வெங்காயத்தோடு அகலமான இரும்புச் சட்டியில் பரப்பினாள். அதன் மேல் தொடையைப் படுக்க வைத்தாள்.

“மஞ்சத்தூளு?”

“வேண்டாம்மா.”

“தேங்கா?”

“வேண்டாம்.”

“சரி, தண்ணி எம்புட்டு ஊத்தப் போற?”

“ஒரு சொட்டுக்கூட ஊத்தக் கூடாது. கறியில ஊறுற தண்ணியும் நெய்யும் கெளங்குல எறங்கும். அதுலயே வெந்துரும்.”

“தண்ணி இல்லாம ஆட்டுக்கறி வேகுமா? எவளாவது கேட்டாச் சிரிப்பா!” அம்மா செம்பை மோந்துகொண்டு சட்டிப் பக்கம் நகர, வேல்விழி குறுக்கே விழுந்து தடுத்தாள். அம்மா நகர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானைக்குள் செம்பை மறைத்துக்கொண்டு மறுபடி வந்தாள். மறுபடி தடுக்க வேண்டியிருந்தது.

ஓட்டலில் இதற்கென்று பெரிய மின்சார ஓவன் இருக்கிறதாம். நாரணாபுரத்தில் ஓவனுக்கு எங்கே போக? “பிரியாணிக்குத் தம் போடுற மாதிரி போட்டுரு,” என்று வழி சொன்னவனும் கதிரவன்தான். சட்டியைத் தாம்பாளத்தால் மூடி, சுற்றிலும் கோதுமை மாவை அப்பி ஒட்டினாள். கொல்லையில் மூன்று கல் கூட்டி, அடியில் கருவேலங்கரித் தணல். தாம்பாளத்தின் மேலேயும் செக்கச்செவேல் என்று கங்கு.

சங்கிலிமுத்து கொல்லைக்கு வந்தார். அந்தச் சட்டியைப் பார்த்த பார்வையில் அவருக்கு வேர்த்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்குகிற ஷெட்டில் வாழ்நாளெல்லாம் நின்றவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெருப்பு என்றால் அடுப்புக்குள், கண்ணெதிரே, அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும். திறந்த வெளியில், மூடி மேலே, காற்றுக்குக் கண் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கங்கு அவர்களுக்கு அடுக்காது.

“என்ன தாயி இது, அடியிலயும் நெருப்பு, தலையிலயும் நெருப்பு!”

“மச்சான் செய்யுற சமையல்ப்பா,” என்று சொல்லிவிட்டு வேல்விழி அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்பாவின் மீசை ஒரு பக்கமாக ஏறி இறங்கியது. திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் உள்ளே போய்ச் சிவப்பு வாளி நிறைய மணல் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

“நான் எந்திரிச்சா நீ இருக்கணும். நீ எந்திரிச்சா உங்கம்மா இருக்கணும். கங்கைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது. கேட்டியா?”

“கேட்டேன்ப்பா.”

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாவு விரிசலில் மெல்லக் கசிந்தது வாசம். மிளகும் பூண்டும் கொழுப்பும் சேர்ந்து வறுபடுகிற வாசம். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “மதினி, என்ன விசேசம்?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அப்பா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் முக்காலி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டிப் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது.

“தாயி, வெந்துருக்குமா?”

“இன்னும் கொஞ்ச நேரம்ப்பா.”

“இல்ல, சும்மாதான் கேட்டேன்,” என்று எச்சிலை விழுங்கினார்.

---

பஸ் வருகிற நேரம் ஆனதும் அப்பா டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அத்தை மேல் கோபம் இருந்தாலும், தங்கச்சி வெயிலில் நடந்து வருவாளே என்கிற பதைப்பு அதைவிடப் பெரிது. அம்மா எவர்சில்வர் தட்டு கேட்டு ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போனாள். போனவள் அங்கே இந்தச் சமையலின் அநியாயத்தை விளக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

வேல்விழி குனிந்து தன்னைப் பார்த்தாள். கரி படிந்த நைட்டி. தலையில் சாம்பல். மாமியாராகப் போகிறவள் முன்னால் இந்தக் கோலத்திலா நிற்பது? ஒரே ஓட்டமாகப் போய்ச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கங்கைத் தனியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அதே நேரம், பின்தெருவில் ஒரு வேன் நின்றது. தீப்பெட்டி லோடு ஏற்றி வந்த வேன். டிரைவர் தெரிந்த பையன் என்பதால் மூக்கம்மாள் அத்தை பஸ்ஸுக்குக் காத்திராமல் அதிலேயே ஏறி வந்துவிட்டாள். முன்வாசல் வழியாகப் போனால் ‘வாங்க, உக்காருங்க’ என்று உபசாரம் ஆரம்பித்துவிடும். அது வேண்டாம் என்று கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

நுழைந்தவள் கண்ணில் பட்டது ஆளில்லாத கொல்லை. நடுவில் ஏதோ ஒரு பாத்திரம். அதன் தலையில் தகதகவென்று நெருப்பு. ஒரு காற்று அடித்தது. பொறி ஒன்று எழும்பி விறகுக் கட்டுப் பக்கம் பறந்தது.

அத்தை தாவணி போட்ட காலத்திலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். குச்சி அடுக்கிய சட்டங்கள் பற்றிக்கொண்டதை நேரில் பார்த்தவள். அவள் யோசிக்கவே இல்லை. பையைக் கீழே போட்டாள், சிவப்பு வாளியைத் தூக்கினாள், அம்புட்டு மணலையும் ஒரே வீச்சில் கொட்டினாள்.

புஸ்ஸென்று சாம்பலும் புகையும் எழும்பின. சட்டி இருந்த இடத்தில் ஒரு மணல் குவியல்.

“அத்தை!”

பாதி சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு வேல்விழி கொல்லை வாசலில் நின்றாள்.

“ஏ புள்ள, அறிவிருக்கா? நெருப்பை இப்படித் தனியா விட்டுட்டு எங்க போன? விறகுல பத்தியிருந்தா வீடு மிஞ்சியிருக்குமா?”

“அத்தை... அது கறி.”

“என்னது?”

“உள்ள கறி இருக்கு. மூடி மேல கங்கு போட்டு வச்சிருந்தேன். மச்சான் சொல்லிக் குடுத்த சமையல். கோவாவுல அவுக செய்யுறது. நீங்க சாப்பிடணும்னுதான்...” ஓவென்று அழுதுவிட்டாள்.

வாளி அத்தையின் கையிலிருந்து நழுவி உருண்டது.

அந்தச் சத்தத்தில் அம்மா தட்டுகளோடு ஓடி வந்தாள். டிவிஎஸ்ஸும் வந்து நின்றது. பஸ்ஸில் தங்கச்சியைக் காணாமல் முகம் தொங்கத் திரும்பி வந்த சங்கிலிமுத்து, கொல்லைக்கு வந்து மூன்று பெண்களையும் ஒரு மணல் மேட்டையும் பார்த்தார்.

“அண்ணே,” என்றாள் அத்தை. ஆவணிக்குப் பிறகு அவரை அப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. “எம்புள்ள சமையல்ல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன் அண்ணே! நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாக? உன்மேல இருந்த வயித்தெரிச்சல்ல நான் வேணும்னே செஞ்சேன்னு சொல்ல மாட்டாகளா?”

எல்லாரும் அப்பாவின் வாயைப் பார்த்தார்கள். அந்த வாயின் வரலாறு அப்படி.

“எவன் சொல்லுவான்?” என்றார் சங்கிலிமுத்து. “ஆளில்லாத நெருப்பைப் பாத்துட்டுச் சும்மா நின்னாத்தான் தப்பு. நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். எந்தங்கச்சி சரியாத்தான் செஞ்சிருக்கா.”

அத்தை மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவளுக்கு வேகம் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணல் மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“மதினி, ஒரு பூந்துடைப்பம் குடுங்க. ஈரத்துணி ஒண்ணு. ஏ புள்ள, அழுகைய நிறுத்து. மாவு வச்சு ஒட்டியிருக்கீல? நல்லா அழுத்தி ஒட்டுனியா?”

“ஒட்டுனேன் அத்தை.”

“அப்ப பாப்போம்.”

துடைப்பத்தால் மணலை நோகாமல் ஒதுக்கினாள். வாயால் ஊதினாள். தாம்பாளத்தின் விளிம்பைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்தாள். யாரையும் கிட்ட விடவில்லை. மாவு கெட்டித்து, ரொட்டி போலக் காய்ந்து, சட்டியோடு ஒட்டிக் கிடந்தது. அதைத் துண்டு துண்டாகப் பெயர்த்தாள்.

தாம்பாளத்தை எடுத்தாள்.

ஆவி குப்பென்று எழும்பியது. அது விலகியதும் தெரிந்தது தொடை. மேலெல்லாம் செம்பழுப்பாக முறுகி, எலும்பின் நுனியிலிருந்து சதை பின்வாங்கி, பளபளவென்று. அடியில் கறி நெய்யில் ஊறிப் பொன்னிறமாகிவிட்ட கிழங்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தாய், “ஆத்தாடி!” என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“மண்ணு விழுந்திருந்தா வீணாப் போயிரும். பல்லுல நறநறங்கும்,” என்றாள் அத்தை கவலையாக. ஓரத்திலிருந்து ஒரு கிழங்கைக் கிள்ளி வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

“இங்கன இல்ல.”

எதிர் ஓரத்திலிருந்து இன்னொன்று. “இங்கனயும் இல்ல.”

கறியில் ஒரு விள்ளல் பிய்த்தாள். அது இழுக்காமலே கையோடு வந்தது. மென்றாள். மெதுவாக மென்றாள். இன்னொரு விள்ளல் பிய்த்தாள். நடுவில் மணல் விழ வழியே இல்லை. இருந்தாலும் நடுவிலிருந்தும் ஒன்று எடுத்துப் பார்த்தாள்.

“ஒரு மணல் இல்ல அண்ணே! கறி சுத்தமா இருக்கு!” என்று குழந்தை மாதிரிக் கூவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை தன் வலது கையைப் பார்த்தாள். விரல் கணு வரைக்கும் நெய், மிளகு, உப்பு.

வேல்விழி மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். இப்போது யார் என்ன பேசினாலும் கெட்டுவிடும். யாரும் பேசக் கூடாது. சாமி, அப்பா பேசக் கூடாது.

பேசியது அம்மா. “என்ன மூக்கம்மா, கை கழுவத் தண்ணி மோந்து தரட்டுமா? இல்ல, இன்னும் கொஞ்சம் நனைக்கப் போறீகளா?”

அத்தை முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோய் வேல்விழி குனிந்து பார்த்தால், அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தட்டைப் போடுங்க மதினி. நின்னுக்கிட்டே திங்க நான் என்ன ஆடா மாடா?”

---

கொல்லையிலேயே பாயை விரித்து நாலு பேரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறு இல்லை, குழம்பு இல்லை. யாருக்கும் அது ஞாபகம்கூட வரவில்லை. தண்ணீர் ஊற்றாமல் வேகாது என்று சத்தியம் செய்த சண்முகத்தாய், எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “நான் அப்பவே நெனச்சேன், நல்லா வரும்னு,” என்றாள். அவளை யாரும் எதிர்க்கவில்லை. வேல்விழிக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

சங்கிலிமுத்து மூன்றாவது கிழங்கையும் முடித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்தப் பய கையில என்னமோ இருக்கு மூக்கம்மா. அங்கன உக்காந்துக்கிட்டு போன்ல சொல்லி இங்கன இப்படி வருதுன்னா, அவனே செஞ்சா எப்படி இருக்கும்!”

அத்தையின் கண் நிறைந்துவிட்டது. ஆவணியிலிருந்து அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது.

“இனி எங்க செய்யப் போறான் அண்ணே,” என்றாள்.

“ஏன்?”

“அதைச் சொல்லத்தான் வந்தேன். உன் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன். நீ ஆசைப்பட்டபடியே ஆயிருச்சு. ஓட்டல் வேலைய விடுறான். இங்கன வந்து பட்டாசு ஆபீஸ்ல சேந்து, போர்மேன் பரீட்சை எழுதப் போறானாம். ‘மாமா சொன்னது சொன்னதுதான், வேற வழி இல்லம்மா’ன்னுட்டான். இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சதும் மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துருவான்.”

வேல்விழியின் கையிலிருந்த கிழங்கு தட்டில் விழுந்தது. தினமும் பேசினானே! பூண்டு எத்தனை பல், கங்கு எவ்வளவு என்று அத்தனை ஆசையாகச் சொல்லிக் கொடுத்தானே! இதை மட்டும் சொல்லவில்லை. தனக்காகத்தான் விடுகிறான். அவன் சமையலை விட்டுவிட்டு வருகிற கல்யாணம் அவளுக்கு எதற்கு? அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அப்பா...” என்றாள்.

சங்கிலிமுத்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். எச்சில் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி வரைக்கும் ஒட்டிக்கொண்டவை. ஒருமுறை மருந்து பற்றியபோது வெந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கிழங்கை உருட்டி உருட்டி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“போனைப் போடு தாயி.”

“என்ன அண்ணே, நீ கேட்டதுதானே?” என்றாள் அத்தை.

“கேட்டேன். கேட்டவன் மடையன். மருந்துல வெந்த கை இந்தக் குடும்பத்துல ஒண்ணு போதும். அந்தக் கை இப்படியே சமைக்கட்டும். மாப்பிள்ளைகிட்ட நானே பேசுறேன். போடு!”

மாப்பிள்ளை. அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தே விட்டது. வேல்விழி உள்ளே ஓடிப் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இடது கையால் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கர் வசதி இல்லாத சின்ன நோக்கியா. நாலு தலைகளும் அதைச் சுற்றி நெருங்கின.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“ஷிப்ட் எப்ப முடியும்?” என்றார் அப்பா.

“இந்நேரம் முடிஞ்சிருக்கும். மேனேஜரைப் பாக்கப் போயிருப்பான்,” என்றாள் அத்தை, மெல்ல.

“மறுபடி போடு தாயி.”